எல்லா யன்னல்களும் மூடியிருந்த காலை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே என் மேலதிகாரி கையிலிருந்த கோப்பிக் கப்பை என்னிடம் திணித்துவிட்டு ஓடினார். ஏன் என்று விளங்காமல் நானும் பின்னால் ஓடினேன். இரண்டாம் மாடியில் ஒரு கதவைத் தன் சாவியால் திறந்தார். உள்ளே ஹெர் லூத்தி என்ற கிழவர் கட்டிலடியில் விழுந்து கிடந்தார். நல்லகாலம், உயிர் இருந்தது. அம்புலன்ஸ் ஏற்றிப் போனது. சில கிழமைகளில் தடியை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"முற்றத்தில நிண்டுகொண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று மேலதிகாரியைக் கேட்டேன். அவர் பெயர் ஃப்ராவ் ஏபி; அங்கே ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. அவர் கதைத்தது சுவிஸ் ஜெர்மன். எனக்கு விளங்கியபடி எங்கட தமிழில் எழுதுகிறேன்.

"அவரின்ர லாடன் திறக்கேல்லை. அவ்வளவுதான்" என்றார்.

இது எண்பதுகளின் கடைசியில், சுவிஸில் துன் நகரில். ஏரிக்குச் சற்று மேலே, வசதியில்லாத முதியவர்களுக்காக ஊர்ப் பொதுப் பணத்தில் நடந்த பழைய கல்வீடு அது. ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு சாவி, மத்தியானச் சாப்பாடு கீழே எல்லோருக்கும் ஒன்றாக. டாவோஸ் ஹோட்டலில் கோப்பை கழுவிக் கை வெந்துபோயிருந்த எனக்குப் பெர்மிட் கிடைத்த கையோடு அங்கே ஹவுஸ்வார்ட் வேலை கிடைத்தது. பொய்லர், குழாய், குப்பை, பனி வழிப்பது, எல்லாம் ஹவுஸ்வார்ட் தலையில்தான்.

லாடன் என்பது யன்னலுக்கு வெளியே இருக்கும் மரப்பலகைக் கதவு. இரவில் உள்ளேயிருந்து சாத்தி இரும்புக் கொண்டி போடுவார்கள். காலையில் ஏழு மணிக்குக் கிறிஸ்தவக் கோயில் மணி அடிக்குமுன் ஒவ்வொருவரும் தங்கள் லாடனைத் தாங்களே திறந்துவிட வேண்டும். திறந்திருந்தால் ஆள் சுகம். மூடியிருந்தால் ஓட வேண்டும். யாரும் யாருடைய கதவையும் தட்டித் தொந்தரவு செய்யாமல் ஒரு வீடு முழுக்கச் சுகம் விசாரித்துக்கொண்டது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

2. ஃப்ராவ் கெர்பர்

அதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரு குளிர்காலத்தில் ஏலாமையால் இரண்டு தரம் லாடன் திறபடவில்லை என்றால், அந்த ஆளுக்குத் தனியாக இருக்கத் தென்பில்லை என்று அர்த்தம். மலைமேல் இருந்த நேர்சிங் ஹோமுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே ஓர் அறைக்குள் நாலைந்து கட்டில்.

லூத்திக்குப் பக்கத்து அறையில் ஃப்ராவ் கெர்பர் இருந்தார். ஹோட்டல்களில் உடுப்புத் தோய்த்து, அயர்ன் பண்ணியே வயது போனவர். வாதத்தால் விரல்கள் இஞ்சிக் கிழங்காக முறுகியிருந்தன. கார்த்திகையில் ஒரு நாள் அவரால் கொண்டியைத் தூக்க முடியவில்லை. ஒரு தரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு தரம் நடந்தால் அந்த அறை போய்விடும்.

என்னோடு ஒரே அறையில் இருந்த சிவம் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வயசு போன மனிசியைக் கஷ்டப்பட விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியே? உனக்கென்ன விசரே? விடிய முதல் ஏறிப்போய்த் திறந்து விட்டிட்டு வாவன். ஆருக்குத் தெரியப் போகுது?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெரியவர்கள் கையிலிருக்கும் வேலையைப் பறித்துச் செய்யாவிட்டால் எங்களுக்குக் கை அரிக்குமே! மறுநாளே போய், நான் திறந்து விடட்டோ என்று கேட்டேன். மனிசி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹெர் கனகு, நீங்கள் திறந்தா அது நீங்கள் திறந்த யன்னல். நான் இருக்கிறனோ செத்திட்டனோ எண்டு கீழ நிக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு அவர் குரல் இறங்கியது. "நான் வேலை செய்த காலம் முழுக்க ஹோட்டல் மேல்மாடியில மற்றப் பெட்டையளோட ஒரே அறை. எனக்கெண்டு ஒரு கதவு, ஒரு சாவி, இஞ்சதான் முதல் முதல் கிடைச்சது. அதைக் களவாய் வைச்சிருக்க எனக்கு விருப்பமில்லை."

ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்தெழும்பிய எனக்கு அந்தச் சாவியின் அருமை நன்றாக விளங்கியது. பிறகுதான் கவனித்தேன், ஏழு மணிக்குத் திறக்க அவர் ஐந்து மணிக்கே தொடங்குவார். பொய்லரைப் பார்க்க வருகிற எனக்குக் கீழேவரை கேட்கும். மரக்கரண்டியைக் கொண்டிக்கு அடியில் கொடுத்து நெம்புவார், ஆறுவார், திரும்ப நெம்புவார். அம்மாளாச்சி! அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன்.

3. தை மாதத்தில் ஒரு காலை

அன்று இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நான் முற்றத்தில் வழித்துக்கொண்டிருந்தேன். மேலே கரண்டிச் சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் நின்றது. திரும்பத் தொடங்கவேயில்லை.

மற்ற லாடன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லூத்தியும் திறந்தார். பக்கத்து யன்னலை எட்டிப் பார்த்தார். அது மூடியபடியே இருந்தது. பிறகு கையை நீட்டித் தன் லாடனைத் திரும்ப இழுத்துச் சாத்தினார்.

கீழ்மாடியில் ஒருவர் அதைக் கண்டார். அவரும் சாத்தினார். பிறகு அடுத்தது. ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்த்தால் என்னைப் பிடித்துத் தின்கிற சனம் அது. ஒழுங்கு என்றால் உயிரை விடுகிற சனம். ஒரு சொல் கதைக்காமல், ஒருவரையொருவர் கேட்காமல், வீடு முழுவதையும் மூடிவிட்டார்கள். மண்வெட்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கோயில் மணி அடித்தது. ஃப்ராவ் ஏபி கோப்பியோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார். இந்த முறை ஓடவில்லை. கனநேரம் ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஹெர் கனகு, லாடன் எல்லாம் ஐஸ் பிடிச்சு இறுகிப்போச்சுதோ?"

"ஓம், பொல்லாத ஐஸ்" என்றேன். ஐஸால் திறபடாதது ஏலாமைக் கணக்கில் சேராது.

"அப்ப சுடுதண்ணிக் கேத்திலைக் கொண்டுபோய் எல்லாரின்ர லாடனிலையும் ஊத்துங்கோ. கெர்பரிட்ட முதல் போங்கோ."

ஃப்ராவ் கெர்பர் யன்னலடிக் கதிரையில் முழுதாக உடுத்து, தலை வாரி இருந்தார். விரல்கள் வீங்கிப்போயிருந்தன. கண் கலங்கியிருந்தது. "லூத்தி திறந்த சத்தம் கேட்டது," என்றார். "பேந்து பூட்டின சத்தமும் கேட்டது." நான் கொண்டியில் சுடுதண்ணீர் ஊற்றினேன். அதில் ஐஸ் ஒரு பொட்டும் இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டில் ஃப்ராவ் ஏபி எழும்பி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ஆள் சுகமாய் எழும்பிட்டார் எண்டு காட்டத்தான் லாடன். அதை லைற் போட்டும் காட்டலாம். கெர்பரின்ர லாடன் இனி ராவிலும் திறந்தே கிடக்கட்டும்." லூத்தி சூப்பைவிட்டுத் தலை தூக்கவேயில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து கடைசிவரை அந்த யன்னலில் லைற் எரிந்தது. அவரே எழும்பி, அவரே போட்ட லைற்.

இப்போது முதியோர் இல்லங்களில் வேலை பழகும் எங்கட பிள்ளைகள், உதவி என்றால் என்ன என்று என்னிடம் கேட்பதுண்டு. ஏலாதவர்களுக்கு ஓடிப்போய்ச் செய்து கொடுப்பதுதான் உதவி என்று நினைத்துத்தான் நானும் அந்த வீட்டுக்குள் போனேன். அந்தக் காலை அங்கே ஒருவரும் கெர்பரின் கொண்டியைத் தொடவில்லை. தங்கள் தங்கள் யன்னலைச் சாத்திவிட்டு, இருட்டுக்குள் அவரோடு சேர்ந்து இருந்தார்கள்.