மூன்றாவது கூப்பாடு

எங்கள் வீட்டு வாசலில் நின்று யாரையாவது ஒரு தடவை கூப்பிட்டால் பதில் வராது. இரண்டாவது தடவைக்கும் வராது. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளேயிருந்து "யாரது?" என்று ஒரு குரல் கேட்கும். புதிதாக வந்த தபால்காரர் இது செவிட்டுக் குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு விஷயம் தெரிந்து, சைக்கிளை நிறுத்தும்போதே அப்பா பெயரை மூன்று தடவை ஒரே மூச்சில் கத்தப் பழகிக்கொண்டார். பேய்க்கு இரண்டு தடவைதான் கூப்பிட வருமாம். மூன்றாவது கூப்பாட்டுக்கு அதற்குத் தொண்டை கிடையாதாம். அவசரப்பட்டு முதல் கூப்பாட்டுக்கே "ஏன்?" என்று திரும்பினால் போச்சு, கூடவே வந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவள் அத்தை. அப்பாவுக்குக் கடைசித் தங்கை. நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்து, மறுவருஷமே லாரி மோதிப் புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு பந்தல்குடிக்குத் திரும்பி வந்தவள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னை 'மைனா' என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். நான் ஓயாமல் கத்துவேனாம். அந்த வீட்டில் அவளிடம் நின்று பேசுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

அப்பாவுக்குத் தூத்துக்குடி ரோட்டில் பலசரக்குக் கடை. சரக்கு எடுக்க அவர் விருதுநகர் புறப்படும் காலைகளில் அம்மா தெருவை எட்டிப் பார்த்து நல்ல சகுனத்துக்குக் காத்து நிற்பாள். அத்தை கொல்லையில் இருக்கும் விறகு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். போ என்று யாரும் சொன்னது கிடையாது. அம்மா ஒரு இருமல் இருமுவாள், அவ்வளவுதான். அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மா "ம், சரி" என்று குரல் கொடுப்பாள், அத்தை வெளியே வருவாள். சில நாள் நானும் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, மூச்சுக்கூடக் கேட்காமல் இருப்பாள். நான் அதைக் கண்ணாமூச்சி என்றே நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் அந்தப் பார்க்கு வந்தது. யாரோ வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டை வளைத்துப் போட்டு, ராட்சத ராட்டினமும் சறுக்கு மரமும் அலையடிக்கிற குளமும் கட்டினார்கள். "குடிக்கத் தண்ணியில்லாத காட்டுல குதிச்சு வெளையாடத் தண்ணியா! கேப்பாரில்லையா?" என்று அப்பா கல்லாவில் உட்கார்ந்து நக்கலடித்தார். ஆனால் கேட்கப் போனவர்கள் எல்லோரும் வேலையோடு திரும்பி வந்தார்கள். ஆடு மேய்த்தவர் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஊரில் நாலு பேர் மண்டையை உடைத்தவர் செக்யூரிட்டியாகி, வருகிறவனுக்கெல்லாம் சல்யூட் அடித்தார். ஒருநாளும் சிரித்தறியாத ஒரு மாமாவுக்குக் கரடி வேஷம் கிடைத்தது; கரடித் தலைக்குச் சிரித்த வாய் தைத்தே இருந்ததால் அவருக்கு அதிகம் சிரமமில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை பார்க்குல பெர்மனெண்ட்டு" என்றால் மறுபேச்சுக் கிடையாது. மழையை நம்பியிருந்த ஊர், காலையில் வரும் கம்பெனி வேனின் ஹாரனை நம்ப ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அக்கா அங்கே கூட்டிப் பெருக்கப் போய்க்கொண்டிருந்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் கேட்கிறார்கள் என்று அவள்தான் அத்தையிடம் சொன்னாள். கடைக்காரன் தங்கச்சி கூலி வேலைக்குப் போவதா என்று அப்பா முதலில் குதித்தார். அம்மா மெதுவாக ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னாள். வேன் விடியக்காலமே வந்துவிடும். அப்பா புறப்படுவது அதற்குப் பிறகு. அத்தை வேலைக்குப் போனால் சகுனத் தொல்லையே இல்லை. அப்பா, சரி போகட்டும் என்றார்.

முதல் ஒன்றிரண்டு மாதம் ஒன்றும் வித்தியாசமில்லை. அதன் பிறகுதான் அத்தை மாறினாள்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை நெற்றிக்குக் கொடுப்பாள். ஆள் வெளுத்துப்போனாள். எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் கறுப்பார்களே தவிர வெளுத்து நான் பார்த்ததில்லை. கண்ணோரத்தில் கரி அப்பியிருக்கும், வகிட்டில் மாவு போல ஏதோ ஒட்டியிருக்கும். அன்றாடம் கரண்டு போகிற ஊர் அது. போனால் நாங்கள் தீப்பெட்டிக்குத் தடவிக்கொண்டிருப்போம். அத்தை மட்டும் கும்மிருட்டில் எதிலும் இடிக்காமல் நேராக நடந்துபோய் விளக்கை எடுத்து வருவாள். வட்டிலில் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

ஆடிக் காற்றில் பார்க்கின் சத்தமெல்லாம் ஊருக்குள் கேட்கும். கூச்சலும் பாட்டும் கலந்து வரும். அதற்கு நடுவே ஒரு பொம்பளைச் சிரிப்பு. அடித்தொண்டையில் ஆரம்பித்து, ஏறி ஏறிப் போய், உச்சியில் பொட்டென்று நிற்கும். 'பேய் பங்களா' சிரிப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அது கேட்டால் கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் போய்ப் படுக்கும்.

ஒரு சாயங்காலம் அதே சிரிப்பு எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் இருந்து கேட்டது.

நான் கொல்லையில் நின்றிருந்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. அடித்தொண்டையில் ஆரம்பித்து ஏறிப் போய், பாதியில் இருமலாகி நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.  கதவைத் திறந்துகொண்டு ஈரத் தலையோடு அத்தை வந்தாள். "என்ன மைனா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று ராத்திரி நான் அவள் பக்கத்தில் படுக்கவில்லை.

பார்க்கு தொடங்கி வருஷம் திரும்பியபோது வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு இலவசப் பாஸ் கொடுத்தார்கள். அத்தை மூச்சு விடவில்லை. எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "எதுக்கு மதினி அம்புட்டு வெயில்ல வந்துக்கிட்டு? புள்ளைக வாடிப் போகும்" என்று அத்தை தடுத்துப் பார்த்தாள். ஓசியில் கிடைத்ததை விடுகிற குடும்பமா எங்களுடையது! கடையைப் பூட்டிவிட்டு அப்பாவே முன்னால் நடந்தார்.

கேன்டீனில் அத்தை இல்லை. அவள் செக்‌ஷன் மாறிப் பல மாதமாகிறது என்றார்கள். எந்த செக்‌ஷன் என்று கேட்டதற்குக் கல்லாவில் இருந்தவர் கூட்டத்தைக் காட்டிச் சிரித்து மழுப்பினார். அம்மாவும் அப்பாவும் அவளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பேய் பங்களாவுக்குள் நுழைந்துவிட்டான்.

உள்ளே போனதும் வெயில் அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. ஈரச் சாக்கின் வாடை. எங்கிருந்தோ குளிர்ந்த காற்று வந்து பிடரியில் பட்டது. மேலேயிருந்து நூல் போல ஏதோ தொங்கி முகத்தை வருடியது. கரகரவென்று மோட்டார் சத்தத்தோடு ஒரு எலும்புக்கூடு எழுந்து உட்கார்ந்தது. வீராதி வீரனான அண்ணன் என் கையை உதறிவிட்டு அலறிக்கொண்டு ஓடியே போனான். நான் சுவரைத் தடவினேன். சுவர் ஈரமாக இருந்தது. முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு.

திருப்பத்தில் நீல வெளிச்சம் தெரிந்தது. உடைந்த ஜன்னல் மாதிரி ஒரு இடத்துக்குப் பின்னால், வெள்ளைச் சேலையில், தலைமுடியை முன்னால் விரித்துப் போட்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. மற்றதெல்லாம் மோட்டாரில் ஆடின, இது ஆடவில்லை. பொம்மை என்று நினைத்து ஒரு அடி வைத்தேன். அப்போதுதான் அது உட்கார்ந்திருந்த விதம் கண்ணில் பட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, மூச்சுக்கூடக் கேட்காமல்.

முடி விலகியது. வெள்ளை முகம். கரிக்கண்.

"மைனா" என்றது.

 அது எழுந்து ஜன்னல் பக்கம் குனிந்தது. "மைனா... அழுகாத."

இரண்டாகிவிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை கூப்பிடு, கூப்பிடு என்று வேண்டிக்கொண்டேன். கூப்பிட்டால் அத்தை, கூப்பிடாவிட்டால் அத்தையைத் தின்றுவிட்டு அவள் உருவத்தில் வந்திருப்பது. பின்னால் அடுத்த கூட்டம் தடதடவென்று வந்தது. நான் காத்து நின்றேன். மூன்றாவது கூப்பாடு வரவில்லை. அதற்குப் பதிலாக, என் காதுக்குப் பக்கத்தில், அடித்தொண்டையில் அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது.

என்னைத் தூக்கி வந்து வெளியே விட்டது செக்யூரிட்டியாம். எனக்கு நினைவில்லை.

மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. அத்தை வேனில் வந்து இறங்குவாள், நான் அவள் கால் தரையில் பாவுகிறதா என்று போர்வைக்குள்ளிருந்து பார்ப்பேன். பாவத்தான் செய்தது. ஆனால் அது கெட்டிக்காரப் பேயாக இருக்கலாமே. கிட்டே வந்தால் வீரிட்டு அலறினேன். அவள் முகம் செத்துப்போய், எட்டவே நின்றாள். மைனா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். கடைசியில் நான் அம்மாவிடம் உளறிக் கொட்டினேன். பார்க்கில் ஒரு பேய் இருக்கிறது, அத்தை மாதிரியே இருக்கிறது, என் பெயர் அதற்குத் தெரியும், இப்போது அதுதான் வீட்டுக்கு வருகிறது என்றேன்.

அம்மா பதறிப்போய்ப் பேயோட்டும் கோடாங்கிக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். வேப்பங்குழையால் நாலு சாத்துச் சாத்தினால் தெளிந்துவிடும் என்று அப்பாவும் சொன்னார். அத்தை அப்போது அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் அடி எனக்கு விழுந்திருக்கும், அவள் வேலை தப்பியிருக்கும்.

"பச்சப் புள்ளையப் போட்டு அடிக்காதீக அண்ணே. அது பேயி இல்ல. நாந்தேன்."

 எனக்கோ பயம் இரட்டிப்பானது. பேயோட்டும்போது "யாரு நீ?" என்று கேட்டால், அதுவும் கடைசியில் நாந்தேன் என்றுதானே ஒத்துக்கொள்ளும்!

அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேன்டீனில் பார்த்த மேனேஜர், வெள்ளைச் சேலை கையோடு இருக்கிறதே என்று பங்களாவுக்கு மாற்றினாராம். சிரிப்பு கேசட்டு தேய்ந்துபோனதால் அவளே சிரிக்கிறாளாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று வேனில் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சி வைத்திருந்தாளாம். பொம்மையெல்லாம் ரிப்பேராகிவிடுகிறது, இந்த அம்மாதான் ரிப்பேராகாத பேய் என்று எல்லோருக்கும் முன்னால் பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

"கடைக்காரன் தங்கச்சி பேய் வேசங்கட்டுதாளா? தூ! நாளையிலருந்து வேன்ல ஏறுன, காலை ஒடிச்சிருவேன்" என்றார் அப்பா. 

மறுநாள் அப்பா வழக்கத்தைவிட முன்னதாகவே, வேன் வருகிற நேரத்துக்கே விருதுநகர் போக வேண்டியிருந்தது. அத்தை வீட்டில் இருப்பதால் அம்மா வழக்கம் போல இருமினாள். கொல்லைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா தெருவைப் பார்த்துவிட்டு, வரலாம் என்று தலையாட்டினாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு வலது காலை வாசலில் வைத்தார்.

எதிரே நட்ட நடுத் தெருவில் அத்தை நின்றிருந்தாள். கொல்லைப்புறச் சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை, தலைமுடி விரித்தபடி. கண்ணில் மை. காலை இளவெயிலில் அந்த முகத்தைப் பார்த்து நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். அவளுக்குப் பின்னால் வேன் வந்து நின்றது. ஜன்னல்களில் அத்தனை பொம்பளைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"ஏய், எதுக்க வந்து நிக்கிறியே, அறிவிருக்கா?" என்று அம்மா கத்தினாள்.

அத்தை அப்பாவை மட்டுமே பார்த்தாள்.  "அண்ணே, அங்க ஊரு ஒலகமே டிக்கெட் எடுத்து, வரிசையில நின்னு, எம் மூஞ்சியில முழிச்சுட்டுப் போறாக. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒங்களுக்கு இனாம். நல்லா முழிச்சுட்டுப் போங்க."

சொல்லிவிட்டு முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அப்பா வைத்த காலை எடுக்கவும் இல்லை, அடுத்த காலை வைக்கவும் இல்லை. வேன் நகரும்போது ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

"மைனா!"

மூன்றாவது தடவை. என்னையறியாமல் சேலைக்குள்ளிருந்து வெளியே வந்து, "என்னத்தே?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் சிரித்தாள், பங்களாச் சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்பு.

அப்பா உள்ளே வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனார். பத்திரமாகத் திரும்பியும் வந்தார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த இருமல் வரவில்லை. விறகு ரூம் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது.

அன்று சாயங்காலம் வேன் வந்ததும் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது. பேய் இறங்கிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பேய் பிடித்தது பார்க்கில் என்றும் சொன்னேன். அத்தை அதே வேலையை எங்கள் வீட்டில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும், விறகு ரூமில் அவளோடு உட்கார்ந்து நான் விளையாடியது கண்ணாமூச்சி இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.