விராலிமலையில் எனக்கு வந்த கால்வலி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேலை பார்த்த ஊர்களை இப்போதும் வரிசை தப்பாமல் சொல்வேன்: பெங்களூரு, ஹைதராபாத், சூரத், மஸ்கட், தோஹா, மறுபடியும் மஸ்கட். எல்லா ஊரிலும் ஒரே வேலைதான். கிரானைட் பலகையை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, யாரோ ஒருவர் வீட்டுச் சமையல்கட்டில் மேடை போடுவது. கல்லைத் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. ஆனால் வேலை தாமதமாகும் என்று பெரும்பாலும் காய்ந்த கல்லையே அறுக்கச் சொல்வார்களாம். அந்தத் தூசி இருபது வருடமாக அவருடைய நுரையீரலில் சேர்ந்தது. டாக்டர் சிலிகோசிஸ் என்று எழுதிக் கொடுத்தபோது மாமாவுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கில் போய்விட்டார்.

இப்போது ஆலைகளில் காற்றில் உள்ள தூசியை அளப்பதுதான் என் வேலை. ஆனாலும் மாமாவை நினைத்தால் தூசியோ ஆஸ்பத்திரியோ முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை. விராலிமலைப் படிகளும், அங்கே எனக்கு வந்த பொய்யான கால்வலியும்தான் வருகின்றன.

அப்போது எனக்கு ஒன்பது வயது, மாமாவுக்கு முப்பத்து மூன்று. ஒவ்வொரு லீவிலும் அவருக்குப் பெண் பார்ப்பார்கள். லீவு முடிவதற்குள் ஏதாவது காரணத்தால் தட்டிப்போகும். இந்த முறையும் விட்டால் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தீவிர முருக பக்தர். வீட்டில் வேண்டாம், விராலிமலையில் முருகன் சந்நிதியில் பார்த்துக்கொள்ளலாம், எல்லோரும் சேர்ந்தே படியேறுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முந்தைய நாள் காலை மாமா என்னைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு ஒதவி பண்ணுவியா? நாளைக்குப் படியேறயில ஒனக்குக் கால் வலிக்கணும்."

"எனக்கு வலிக்காதே மாமா."

"வலிக்காட்டியும் வலிக்கணும். நான் தலையச் சொறிஞ்சா நீ அங்கிட்டே உக்காந்துரு. யாரு கேட்டாலும் முடியலன்னு சொல்லு."

பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நான்தான் முதல். இப்படிப்பட்ட அவமானத்துக்குச் சும்மா சம்மதிக்க முடியுமா? ரஃப் நோட்டில் நிபந்தனைகளை எண் போட்டு எழுதினேன். ஒன்று, மாமா கையில் கட்டியிருக்கும் கால்குலேட்டர் வாட்ச் எனக்கு. இரண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம். மூன்று, விஷயம் என் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவே கூடாது. மாமா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. டிவி பார்த்து வளர்ந்த அறிவில் நானே கண்டுபிடித்துவிட்டேன். அடிக்கடி உட்கார்ந்தால்தானே பெண்ணோடு பேச நேரம் கிடைக்கும்!

மறுநாள் முப்பது படி ஏறியதும் மாமா தலையைச் சொறிந்தார். நான் "ஆ" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"குதுரையாட்டம் ஓடுறவளுக்கு இன்னிக்கின்னு பாத்து என்னடி வந்துச்சு?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"பிள்ளையத் திட்டாதீங்கம்மா. சத்துப் பத்தல. முருங்கக்கீர குடுங்க" என்றார் பெண்ணின் அப்பா. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாறைமேல் நின்ற மயில்களைப் பார்த்தார். பிறகு சூரத் கதையைத் தொடங்கினார். ஒன்பதாவது மாடிக்குச் சுமந்துபோன பலகை வாசலுக்குள் நுழையவில்லையாம். வீட்டுக்காரர் பலகையைச் சின்னதாக்கச் சம்மதிக்காமல் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டாராம். இரண்டாவது நிறுத்தத்தில் மஸ்கட். நம்ம டவுன் பஸ் நீளத்துக்கு மேடை போட்டுக் கொடுத்த வீட்டில், வீட்டுக்கார அம்மா அதில் டீயைத் தவிர ஒன்றும் போட்டதில்லையாம். நடுவில் மாமாவுக்கு இருமல் வந்தது. பெண்ணின் அப்பா உடனே உஷாரானார்.

"தம்பிக்கு சிகரெட், பீடி ஏதும்..."

"தொட்டதே இல்லைங்க. முருகனுக்கே சுருட்டு உண்டு, எனக்குக் கெடையாதுங்க."

விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது வழக்கம். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பெண் முதல்முறையாகச் சிரித்தார். அவருடைய அப்பாவும் திருப்தியாகத் தலையாட்டினார். மாமா சொன்னதும் முழு உண்மைதான்.

நான்காவது முறை நான் உட்கார்ந்தபோது, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய ஒரு வயதான அம்மா எங்களைத் தாண்டிப்போனார். போகிறபோக்கில் மாமாவிடம், "வாட்டசாட்டமா இருக்க, புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனா என்னப்பா?" என்றார்.

"ஆமா தம்பி, தூக்கிக்கங்களேன்" என்றார் பெண்ணின் அப்பா.

மாமா எழுந்து நின்றார். மேலே இருந்த படிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியொரு முகத்தை நான் அவரிடம் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்னைய யாரும் தூக்கக் கூடாது! நான் என்ன கைக்கொழந்தையா?" என்று நான் கத்தியதில் பாறையிலிருந்த மயில் ஒன்று பறந்தது. மாமாவுக்காகக் கத்தவில்லை, என் மானத்துக்காகக் கத்தினேன். மாமா மறுபடியும் உட்கார்ந்து தோஹா கதையைத் தொடங்கினார்.

மேலே தரிசனம் நல்லபடியாக முடிந்தது. எல்லோர் நெற்றியிலும் விபூதி. இறங்கும்போது என் கையில் ஒரு தேங்காய்மூடி இருந்தது. எங்கிருந்தோ வந்த குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடியது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி, குரங்கைத் துரத்தி, தேங்காயைப் போட்டுவிட்டு அது மரத்தில் ஏறும்வரை விடவில்லை. வெற்றியோடு திரும்பினேன். மேலே எல்லோரும் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, ஒனக்குக் கால் வலின்னில்ல சொன்ன?" என்றார் பெண்ணின் அப்பா.

கல்யாணம் போனது, வாட்சும் போனது என்று நினைத்தேன்.

"மேல விபூதி பூசிவிட்டாகள்லங்க" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பெண்ணின் அப்பா திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். இரண்டு கையும் தலைக்குமேல் போனது. "முருகா!" என்றார். பிறகு படியிறங்கி வந்து, குனிந்து என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடிவாரத்துக்கு வந்து டீ சொல்வதற்கு முன்பே, "தேதி பாத்துருவோம் மாப்பிள்ள" என்றார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாட்ச் எனக்குக் கிடைத்தது. என் கையில் அது முழங்கைவரை ஏறி இறங்கியது. மாமாவுக்கு அத்தை கிடைத்தார். பதினொரு வருடம் இருவரும் சிரித்துச் சண்டைபோட்டு நன்றாகவே வாழ்ந்தார்கள். மாமா எதையும் மறைத்துக் கட்டிக்கொண்டார் என்று நான் நினைக்கவில்லை. அப்போது அவரைப் பொறுத்தவரை அந்த இருமல் வெறும் சளி, மஸ்கட் ஏசி கொடுத்த சளி. பெண் பார்க்க வந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்கக் கூச்சம், அவ்வளவுதான்.

மாமா போன மறுவருடம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்கன்னு அன்னிக்கே தெரியும்டி. மொதல்ல அவருக்குத் தலையில பேனுன்னுதான் நெனச்சேன்" என்று சிரித்தார். பிறகு, "ஆனா உக்காந்த ஒடனே ஒரு வார்த்த பேசமாட்டாரு, பாத்தியா? மயிலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. இம்புட்டு ஊரு சுத்துன மனுசனுக்கு இன்னும் வெக்கம் போகலையேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் சரின்னேன்" என்றார்.

அன்று அத்தையைவிட நான் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படியேறும் வழியில் கடைசியாக உட்கார்ந்த மண்டபத்தில், நடிப்பு நன்றாக இருக்கட்டும் என்று மாமாவின் முதுகில் காதை வைத்துச் சாய்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. எட்டி அவர் முகத்தைப் பார்த்தேன், உதடு அசையவில்லை. வாயைத் திறக்காமலே விசிலடிக்கிறாரே, இதை எந்த ஊரில் கற்றுக்கொண்டாரோ என்று எனக்கு ஒரே பொறாமை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நானும் வெகுநேரம் முயன்று பார்த்தேன். எனக்கு அது வரவேயில்லை.