ஸ்கொட்லாந்துக் கிண்ணமும் ‘ஓம்’ என்ற சொல்லும்

அப்போது என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வார இறுதியில் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்துக்கான உதைபந்தாட்டம் தொலைக்காட்சியில் போனால், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் நான் வேலை செய்வேன். மனிதர் பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் பரவாயில்லை. எந்தக் கழகத்தை யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்று கதவைத் திறந்து வந்து எனக்குப் பாடம் எடுப்பார். அந்த நாட்டுக்கு நாங்கள் ஒரு நாளும் போனதில்லை.

எடின்பரோவில் ஒரு கழகத்தை அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் தொடங்கினார்களாம். அதைப் பார்த்து கிளாஸ்கோவில் ஒரு துறவி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதற்காக இன்னொன்றைத் தொடங்கினாராம்.

“பிறத்தி நாட்டுக்குப் போனவன் முதல் கோயில் கட்டுவான், பிறகு கிளப் தொடங்குவான். பிறகு ரெண்டிலையும் சண்டை பிடிப்பான்,” என்பார். இங்கே எங்கள் ஊர்க்காரரின் விளையாட்டுக் கழகத்தில் செயலாளராக இருந்து, சண்டை பிடித்து விலகியவர் அவர். அனுபவம் பேசியது. நான் “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டே வெங்காயம் வெட்டுவேன். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

ஒரு சனிக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைத் தூக்கியவரின் கை சரிந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. அம்புலன்ஸ் கெதியாகவே வந்தது. மூளையில் அடைத்திருந்த இரத்தக்கட்டியை எடுத்துவிட்டோம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சும் நினைவும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மற்றது காதில் விழாத மாதிரி இருந்தேன்.

மறுநாள் கண் விழித்தார். தாதி நோர்வேஜிய மொழியில், “நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

“யா,” என்றார். ஆம் என்று அர்த்தம். எனக்கு உயிர் வந்தது.

“இது பேர்கன் நகரமா?”

அதற்கும் “யா.” நாங்கள் இருந்ததோ ஒஸ்லோவில். தாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மொழிக் குழப்பமாக இருக்கும் என்று நானே தமிழில் கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, நான் ஆரெண்டு தெரியுதோ?”

“ஓம்.”

“உங்கடை அக்காவோ?”

“ஓம்.”

இந்த மனிதனின் வாயை மூடு என்று எத்தனை தரம் கும்பிட்டிருப்பேன். பகிடிக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயே என்று பிள்ளையாரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். கதைக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

“இண்டைக்கும் உங்கடை கிண்ணப் போட்டி இருக்காம்,” என்றேன்.

“ஓம்.”

“பெர்த் கழகமும் விளையாடுதாம். அது பாதிரிமார் தொடங்கினதுதானே?”

பெர்த்தும் ஸ்கொட்லாந்தில் ஒரு நகரம்; அந்தக் கழகத்தின் பெயரில் ஒரு புனிதர் இருக்கிறார், அதனால் அப்படிக் கேட்டேன். வேண்டுமென்றே பிழையாகக் கேட்டேன் என்று பெருமையடிக்க ஆசைதான். உண்மையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருடைய நெற்றி சுருங்கியது. வாய் திறந்து மூடியது.

“இல்லை,” என்றார்.

நான் அவருடைய வாய்க்குக் கிட்டக் குனிந்தேன்.

“கிரிக்கெட்... கிரிக்கெட் ஆக்கள். மாரியிலை விளையாட ஒண்டும் இல்லாமல்... தொடங்கினவை.” களைத்துப்போய்க் கண்களை மூடினார். பிறகு மெல்ல, “எத்தினை தரம் உமக்குச் சொன்னனான்,” என்றார். உமக்கு என்று அவர் பேசுவது என்னோடு மட்டும்தான். அக்காவோடு இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதேன். தாதி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். “என்ன சொல்கிறார்? குழம்பிப்போயிருக்கிறாரா?”

“இல்லை,” என்றேன், அவளுடைய மொழியில். “அவர் சொல்வது சரி. நான்தான் பிழை.”

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த வசனத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்களைத் திறக்காமலே அவர் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும்.