கல் கட்டாத புடலங்காய்

போன வாரம் மேடவாக்கம் பக்கம் ஒரு பெரிய கடையில், காய்கறித் தட்டுகளுக்கு நடுவே நின்று, ஒரு புடலங்காயின் நுனியை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தேன். குட்டையான, நேரான காய். மேலே கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார்கள். அந்தத் தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டுத்தான் கீறினேன், பொய் சொல்வானேன். சீருடை போட்ட ஒரு பெண் வந்து, "சார், பிரிச்சீங்கன்னா எடுத்துக்கணும்" என்றாள். எடுத்துக்கொண்டேன். எனக்குப் புடலங்காய் ஆகாது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. வருஷக்கணக்கில் அதையே தின்று கிடந்தவனுக்கு ஒரு காயின் மேல் எவ்வளவு பிரியம் மிச்சமிருக்குமோ அவ்வளவு இருக்கிறது.

புடலங்கொடியின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நாற்றம் என்பவர்களும் உண்டு. என் மூக்குக்கு அது ஒரு மோட்டார் கொட்டகையின் வாசனை. பம்புசெட்டின் கிரீஸ், ஈரச் சுவர், சாக்குப்பை, இவற்றுக்கு மேலே பச்சையாக ஒரு நெடி. அந்தக் கொட்டகையில்தான் நான் படுத்திருந்தேன். கிணறும் பந்தலும் மாடம்பாக்கத்தில், சிவன் கோயிலைத் தாண்டி ஏரிப் பக்கம் போகிற வழியில் இருந்தன. எண்பதுகளின் நடுவில் அங்கே அதற்கப்புறம் வீடு கிடையாது. இப்போது போனால் எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கு முன்னால் பல்லாவரம் மலைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் லாரி கிளீனர், அதற்கும் முன்னால் ஒரு மெஸ்ஸில் எச்சில் இலை எடுத்தவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஓர் இடத்தில் ஒரு வருஷம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். குவாரியில் ஒரு சில்லு தெறித்து இடது கண் ஓரம் கிழிந்தது. பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் சோறு கிடையாது என்பதால், புடலைப் பந்தலுக்கு ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொன்னதும் கட்டோடு நடந்து போனேன்.

ஆள் தேடியவர் மனோகரன் சார். சிட்லபாக்கத்துக்காரர். ரயில்வேயில் டிராயிங் போடுகிற உத்தியோகம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில், மூன்றும் ஊசி மாதிரி சீவியிருக்கும்.

"படிச்சிருக்கீங்களா?"

"எட்டாவது சார். முழுசா இல்ல."

"நம்பர் எழுதுவீங்கல்ல? போதும். கண்ணுல என்ன?"

"கல்லு சார்."

"இங்க கல்லுக்கு வேலையே கிடையாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தக் காலத்துப் புடலங்காய் எவ்வளவு நீளம் என்று இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆள் உயரத்துக்குத் தொங்கும். சாரின் மனைவி ஸ்கூல் டீச்சர், தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர். ஒருநாள் சாயங்காலம் ஒரு காயை வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். கூட்ட நெரிசலில் அது மூன்றாக உடைந்து, ஒரு துண்டு மட்டும் வீடு வந்து சேர்ந்தது. டீச்சர் கோபமாகத் துண்டை மேஜையில் வைத்தார். சார் ஸ்கேலை எடுத்து அதை அளந்தார். இப்படித்தான் ஆரம்பித்தது என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பையில் அடங்குகிற புடலை, ஒரு முழ நீளம், அவ்வளவுதான் முதலில் அவர் ஆசை. பிறகு ஆசை வளர்ந்தது. காய் நேராகவும் இருக்க வேண்டும், அதுவும் கல் கட்டாமலே.

புடலங்காய் தானாக விட்டால் சுருளும். அதனால் பிஞ்சு ஒரு சாண் வந்ததுமே நுனியில் நூலைக் கட்டி, ஒரு சின்னக் கல்லைத் தொங்க விடுவார்கள். கல் இழுக்க இழுக்கக் காய் நேராக இறங்கும். பந்தல் போட்ட எல்லாரும் செய்வதுதான். "அது சொந்த புத்தியில நேரா வரணுங்க. நாம கட்டி இழுத்து வந்தா அது நேர் இல்ல" என்பார் சார். எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு குட்டை ரகத்தையும் நம்மூர் நெட்டையையும் சேர்த்து, நான் போகும்போதே நாலு வருஷமாக அதில் கிடந்தார்.

சேர்ப்பது என்றால் இப்படி. புடலம்பூ பொழுது சாய்கிற நேரத்தில் விரியும். வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். ஆண் பூ கொத்தாக வரும். பெண் பூ ஒற்றையாக, அடியில் விரலளவு பிஞ்சோடு வரும். அது விரிவதற்கு முன்னாலேயே எண்ணெய்த்தாள் பையைப் போட்டு மூடிவிட வேண்டும், வேறு எந்தப் பூவின் தூளும் ஒட்டிவிடக் கூடாது. விரிந்ததும் நமக்கு வேண்டிய ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி மூட வேண்டும். காம்பில் தகரச் சீட்டு, அதில் நம்பர். கல் உடைத்த என் விரலுக்கு அந்த வேலை லேசில் படியவில்லை. முதல் மாதம் நான் கிள்ளிப் போட்ட பெண் பூக்களைச் சேர்த்தால் ஒரு மாலை கட்டியிருக்கலாம். சார் திட்டவில்லை. எந்த நம்பர் போச்சு என்று மட்டும் கேட்டு, குறித்துக்கொள்வார்.

நிலம் கன்னியம்மா அக்கா குடும்பத்துடையது. ஊர்க்காரர்கள். மீதியெல்லாம் மனையாகப் போய், கிணற்றைச் சுற்றி இருந்த இந்தத் துண்டு மட்டும் நின்றது; அதைத்தான் சார் குத்தகைக்கு எடுத்திருந்தார். அக்கா தினமும் மத்தியானம் இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு பந்தல் ஓரமாகப் போகும். எனக்குத் தூக்குவாளியில் குழம்பும் வரும். நான் போய் முதல் இரண்டு பட்டமும், வருஷத்துக்கு ஒரு பட்டம், காய்கள் கோணிக்கொண்டே வந்தன. சில காய் ஜிலேபி. இரண்டாம் பட்டத்தின் கடைசியில் சார் வரப்பில் உட்கார்ந்து கோணல் காய்களை எண்ணி எழுதி முடித்து, பென்சிலைப் பையில் போடாமல் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். "இந்தத் தடவையும் வரலன்னா விட்டுடறேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் விட்டுவிட்டால் எனக்குக் கொட்டகையும் போகும். அது எனக்கு உடனே உறைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

மூன்றாம் பட்டத்தில், நாற்பது குழியிலும் குழிக்கொரு கொடி பந்தலேறிப் பிஞ்சு விட்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து பார்க்கிறேன், பாதிப் பிஞ்சுகளில் கல் தொங்குகிறது. அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, நீங்களா? சார் கட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"ஆமா, சொன்னாரு. இன்னாத்துக்கு தம்பி புள்ளைங்கள இப்டி கோணலா வுட்டுகினு கீறீங்க? போவ வர பாத்துகினே போறேன், ஒரே பேஜாரா கீது. தல வாராத புள்ள மாதிரி."

"அவருக்குத் தெரிஞ்சா..."

"ஞாயித்துக்கெழம தான வர்றாரு? சனிக்கெழம அவுத்துடு."

அவிழ்த்தேன். ஒரு சனிக்கிழமை மட்டும் இல்லை, ஏழெட்டுச் சனிக்கிழமை. கல்லையெல்லாம் ஒரு கூடையில் போட்டு மோட்டாருக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். கல்லை விட்டுத் தப்பி வந்தவன் மறுபடி கல் சுமந்த கதை இது. திங்கட்கிழமை அக்கா மறுபடி கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சார் பந்தலுக்கடியில் குனிந்து நுழைந்து, வரிசையாகத் தொங்குகிற நேர்க்கோடுகளைப் பார்த்து நிற்பார். ஒருநாள் வீட்டிலிருந்து டீச்சரையும் அழைத்து வந்தார். "உங்க கைராசிதான்" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

சும்மா விட்டிருந்தால் நான் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். மாட்ட வைத்தது சாரின் பூதக்கண்ணாடி. ஒரு காயின் நுனியை அதில் பார்த்துவிட்டு, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். நுனிக்கு ஒரு விரல் மேலே மெல்லிசாக ஒரு வளையம். அடுத்த காயிலும் இருந்தது. அதற்கடுத்த காயிலும்.

"எந்த ரகத்துலயும் இது கிடையாது. நம்ம காயோட அடையாளம் இதுதான்!"

தாம்பரம் மார்க்கெட் பக்கம் விதைக்கடை வைத்திருந்தவர், ரகத்தைப் பற்றி முழு விவரம் எழுதிக் கொடுத்தால் பொட்டலம் போட்டு விற்கிறேன் என்று சாரிடம் சொல்லியிருந்தார். சார் வரைந்தார். எத்தனையோ ரயில் பெட்டிக்கு வரைந்த கை. காயின் முழு உருவம், குறுக்கே வெட்டிய உருவம், விதை, இலை, எல்லாவற்றுக்கும் அளவு, அம்புக்குறி. நுனி வளையத்துக்கு மட்டும் தனியாகப் பெரிதாக ஒரு படம். ஆபீஸில் டிராயிங்குக்கு நகல் எடுக்கிற அம்மோனியா பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்கடியில் நின்று எனக்கும் அக்காவுக்கும் படித்துக் காட்டினார்.

"நீளம் ஒரு முழம். வெளிர் பச்சை, வெள்ளைக் கோடு. காய் நேராக வளரும். கல் கட்டத் தேவையில்லை. நுனியில் மெல்லிய வளையம் போன்ற குறி, இந்த ரகத்துக்கே உரியது."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது.

"என்னக்கா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சாரு. நீ படி, நல்லா கீது."

அவர் படிக்கக் குனிந்தார். அந்தத் தாள் கடைக்குப் போகும், பொட்டலத்தில் ஏறும், யார் யாரோ கல் கட்டாமல் விடுவார்கள், ஜிலேபி காய்க்கும், அவர்கள் இவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். எனக்கு அதெல்லாம் அந்த நிமிஷம்தான் வரிசையாகத் தெரிந்தது.

"சார், அது நூல்" என்றேன்.

"எது?"

"வளையம். கல் கட்டின நூல் சார். சனிக்கிழமை நான்தான் அவுப்பேன்."

தாளைச் சுருட்டினார். நிதானமாக, ஓரம் மடங்காமல் சுருட்டினார். பிறகு, "எல்லாக் காய்க்குமா?" என்று கேட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் நா இன்னாத்துக்கு கட்றேன்? எனுக்கு வேற சோலி இல்ல? கோணினதுக்குத்தான் கட்னேன். நேரா எறங்கறதுக்கு யாருனா கல்லு கட்டுவாங்களா சாரு?"

சார் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அப்ப நேரா இறங்கின செடி எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இத கேக்கணுமா? வா."

அக்கா முன்னால் நடந்தது. நாற்பது குழியில் மூன்றிடத்தில் நின்றது. "இதுல ஒரு காய்க்குக் கூட நா கை வெக்கல. இதோ இது. அப்பால கெணத்தாண்ட மூலைல கீதே, அது." மூன்று தகரச் சீட்டு நம்பரையும் சார் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஏழு வருஷமாக அவர் தேடியது அக்காவின் ஞாபகத்தில் இருந்தது. எந்தச் செடி தன் வேலையை மிச்சப்படுத்தியது என்கிற ஞாபகம்.

சார் என்னிடம் இரண்டு வாரம் வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "அக்கா எதுக்குக் கூடாதுன்னு தெரியாம செஞ்சாங்க. நீங்க தெரிஞ்சு செஞ்சீங்க" என்றார். அவ்வளவுதான். மறுபடி அதை எடுத்ததே இல்லை.

அடுத்த பட்டம் அந்த மூன்று செடியின் விதை மட்டும். கல் கிடையாது. பார்க்கச் சகிக்காது என்று அக்கா எருமைகளை வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போனது. காய் இறங்கியது. ஐந்தில் நாலு நேர், ஒன்று கோணல். சார் எண்ணினார், நான் எண்ணினேன், அக்காவையும் வரவழைத்து எண்ணச் சொன்னோம்.

விதைக்கடைக்காரருக்குக் காய் பிடித்திருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். "சார், ஐந்தில் ஒன்று வளையும்னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அத மட்டும் எடுத்துடுங்க. எவன் வாங்குவான்?"

"வளையுதே."

"எல்லாக் காயும்தான் வளையுது. யாரு எழுதறாங்க?"

சார் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வழியில் ஆளுக்கொரு டீ குடித்தோம். அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். டீ சூடாக இல்லை என்ற வருத்தம்தான் இருந்தது.

விதை கையோடு கையாகத்தான் போனது. டீச்சர் ரயில் சிநேகிதிகளுக்கெல்லாம் கொடுத்தார். சிட்லபாக்கத்தில் மதில் மேல் எங்கள் காய் தொங்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு வீட்டில் நன்றாகக் காய்ப்பதாகச் சேதி வந்தது. பெண்கள் அதற்குப் பை புடலை என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஆனால் பூ தன் வீட்டோடு இருக்கிற சாதி இல்லை. பக்கத்து வீட்டில் நெட்டைப் புடலை பூத்தால் பூச்சி அதையும் இதையும் கலந்துவிடும். சாயங்காலம் பை போட்டு மூட யாருக்கு நேரம்? இரண்டு மூன்று வருஷத்தில் மதில் மேல் காய்கள் நீண்டன, சுருண்டன, மறுபடி கல் தொங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாருக்கு வடக்கே எங்கோ மாற்றல் வந்தது. கிணற்றைத் தூர்த்து மனைக்கல் நட்டார்கள். எனக்கும் கால் அரித்தது, கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டேன். கன்னியம்மா அக்கா காலமான சேதி ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சார் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

மாற்றலாகிப் போகும்போது சார் அந்த பிரிண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அம்மோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் மங்கும். நான் அதை லாட்ஜிலும் கொட்டகையிலும் சுவரில் ஒட்டி வைத்துத் திரிந்தவன். காய் போய்விட்டது, குறுக்குவெட்டு, இலை, அம்புக்குறி எல்லாம் போய்விட்டன, நேராக வளரும் என்ற வரியும் போய்விட்டது. பழுப்பு ஏறிய வெறும் தாள். பிற்பாடு அவர் பேனா மையால் எழுதிச் சேர்த்தது மட்டும் கறுப்பாக நிற்கிறது. நடுவில், 'ஐந்தில் ஒன்று வளையும்.' கீழே வலது மூலையில், டிராயிங்கில் யார் சரிபார்த்தது என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில், அவருடைய அழகான அச்செழுத்தில், 'கன்னியம்மா.'