சிவப்பு மையால் அடித்த வரி

ஆவுடையார்கோவிலில், வெளிநாடு போகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதியில் இல்லாத பொருளை யார் எழுதினாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் 'ஃபைன்' என்ற சொல்லுக்கு நலம், அபராதம், மெல்லியது, நேர்த்தியானது என்று பலகையில் எழுதினேன். வேறு பொருள் தெரிந்தால் நோட்டில் எழுதச் சொன்னேன். மீமிசலிலிருந்து வரும் செல்வி, 'முடியல, ஆனா சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தார். உரக்கப் படித்துக் காட்டிவிட்டு அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது எந்த அகராதியில இருக்குங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காருங்க சார். நல்லா இருந்தா சோறு, ரூமு, வேலைன்னு அரைமணி நேரம் பேசுவாரு. ஒடம்புக்கு முடியாதப்ப மட்டுந்தான் ஃபைன்னு சொல்லிட்டுப் போனை வச்சிருவாரு. இந்த வாரம் பூரா ஃபைனுதாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அடித்த வரிக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சென்னையிலிருந்து மகள் அழைத்தாள். என் மனைவி இறந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் அழைத்து அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

வழக்கமான சொல் வாய்வரை வந்தது.

"காலையிலேருந்து சாப்பிடலம்மா" என்றேன்.