வெள்ளைக்காரி சுற்றிய மலை

அப்போது எனக்குப் பத்து வயது. நார்வேயில் பிறந்து வளர்ந்த என்னை அம்மா முதன்முதலாகத் தன் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு அழைத்து வந்திருந்தாள். மாமா வீட்டில் போய் இறங்கிய நாளிலிருந்தே எனக்கு வெள்ளைக்காரி என்று பெயர். காய்ச்சி ஆற்றிய தண்ணீர், காரமில்லாத குழம்பு, உட்காரத் தனி நாற்காலி. எல்லாம் அன்பாகத்தான் செய்தார்கள். ஆனாலும் சொந்த மாமா வீட்டில் விருந்தாளியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

திருவண்ணாமலைக்குப் போய் கிரிவலம் வர வேண்டும் என்று அம்மா ஒருநாள் சொன்னபோது மாமா சிரித்துவிட்டார்.

"நீ நட, யாரு வாணான்னாங்க? கொழந்த ஆட்டோல வரட்டும். செருப்பில்லாம அவ்ளோ தூரம் அதால முடியுமா?"

"அவ நடப்பாண்ணா" என்றாள் அம்மா. என்னிடம் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. மாமாவை ஜெயித்தே தீருவது என்று நானாகத்தான் முடிவு செய்துகொண்டேன்.

மாமாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நார்வேயில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு. பௌர்ணமிதோறும் அம்மா அதைச் சுற்றி வருவாள். பனி கொட்டினாலும் விடமாட்டாள். நானும் கூடவே நடப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி அதை உடற்பயிற்சி என்று நினைத்துத் தானும் வந்து சேர்ந்துகொண்டாள். அம்மா திருத்தவில்லை. துணைக்கு ஆள் கிடைத்ததே என்று விட்டுவிட்டாள்.

விடிந்ததும் ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கினோம். மாமா ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. என் தொப்பியையும் சட்டையையும் பார்த்த கடைக்காரர், என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பால் குடுங்கண்ணா, சக்கர கம்மியா" என்றேன்.

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே நிறுத்தினார். "எந்த ஊரு பாப்பா நீ?"

"கீழ்பென்னாத்தூருங்க."

அதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. "அட, நம்ம பக்கத்துப் பொண்ணு!" என்று அவர் கூவ, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா தலை நிமிர்ந்து நடந்தாள்.

அடி அண்ணாமலையை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டது. குதிகாலில் கொப்புளம் உடைந்து, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். மாமா வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறிக்கோ கண்ணு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்த சீட்டை ஆசையோடு பார்த்தேன். அம்மா மலையைப் பார்த்தபடி நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நான் எழுந்து நின்றேன்.

"நான் ஏறல மாமா. நீங்க எறங்குங்க."

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். தெரிந்தவர் கடையில் வண்டியையும் செருப்பையும் விட்டுவிட்டு எங்களோடு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

திரும்பவும் ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்ததும், என் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "என் தங்கச்சி பொண்ணுங்க! நார்வேலேர்ந்து வந்து மலைய நடந்தே சுத்திட்டா!" முன்பின் தெரியாத பெண்கள் என் கன்னத்தைத் தடவிவிட்டு அரோகரா என்றார்கள்.

அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, மலையைப் பார்த்துத் தலைக்குமேல் கை கூப்பி நின்றாள். "சொன்ன மாதிரியே இட்டாந்துட்டேன். நடந்தே வந்துட்டா" என்று விம்மினாள்.

மாமாவிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறியதும், தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லாத அந்த ஆஸ்பத்திரியில் அவள் இந்த மலையிடம் வேண்டிக்கொண்டதும் எனக்கு அப்போது தெரியாது. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா, எனக்குக் கால் வலிக்கவே இல்ல."