கர்த்தர் பூட்டி வைத்த அண்டா

அந்த வருஷம் அப்பாமேல் எனக்கு இருந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே இருந்த ஒரே கிறிஸ்தவ சபையின் தேர்தலில் அப்பா ஒரு கட்சி, அவருடைய சொந்த அண்ணனான பெரியப்பா எதிர்க்கட்சி. அப்பா தோற்றார். தோற்றவர் சும்மா இருந்திருக்கலாம். அதுவரை தன் பொறுப்பில் இருந்த அண்டா முதலான அசனப் பாத்திரங்களை எங்கள் வீட்டுப் பின்னறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி எதில் சமைக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்றார்.

அசனம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு தெருமுனைவரை மணக்கும். எனக்குக் கிறிஸ்மஸைவிட அதுதான் பெரிது. அந்த வருஷம் அது இல்லை. பெரியப்பா வீட்டுக்குப் போகவும் கூடாது. பெரியப்பா மகளான அக்கா பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். அந்தக் குழந்தையைப் பார்க்கக்கூட அப்பா விடவில்லை. தெருவில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ வேலை வந்துவிடும். வளர்ந்தவர்கள் இவ்வளவு கேவலமாக நடந்துகொள்ளலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்னால் மழை பிடித்தது. விட்ட பாடில்லை. மேலே குளம் உடைந்து, ஆறும் சேர்ந்துகொண்டு, ஒரு காலையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா பின்னறையைத் திறந்து பெரிய அண்டாவை மிதக்க விட்டார். என்னையும் தம்பியையும் அதற்குள் உட்கார வைத்து, அவரும் அம்மாவும் மார்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடம்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூட மாடியில் ஊரே இருந்தது. பெரியப்பா வீட்டார் மட்டும் இல்லை. அவர்கள் வீடு பள்ளத்தில்.

அப்பா படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

“அங்கன பச்சப்புள்ள கெடக்கு. நீங்க போகலன்னா நான் அண்டாவத் தள்ளிக்கிட்டுப் போயிருதேன்.”

அப்பா எழுந்து போனார். அவர் திரும்பும்வரை நான் மாடிச் சுவரோரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அண்டா தெரிந்தது. உள்ளே அக்கா, மடியில் குழந்தை, பக்கத்தில் பெரியம்மா. ஒரு வளையத்தை அப்பாவும் மறு வளையத்தைப் பெரியப்பாவும் பிடித்திருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்ன மனிதர்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் வடிந்து, சபைக் கோயிலில் சேறு கழுவிய பிறகு, உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. சாட்சி சொல்ல அப்பா எழுந்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று அறிந்துதான் கர்த்தர் அந்த அண்டாவை முன்கூட்டியே எங்கள் வீட்டில் வைத்திருந்தார் என்றார். சபை அல்லேலூயா சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூட்டியது யார், சாவி யார் இடுப்பில் இருந்தது என்று ஊருக்கே தெரியுமே.

“அப்பா பொய் சொல்லுதாங்க” என்றேன் அம்மாவிடம்.

“வாய மூடுட்டி” என்று தொடையில் கிள்ளினாள்.

அப்போது பெரியப்பா எழுந்தார். எனக்குச் சந்தோஷம். இப்போது அப்பாவின் மானம் போகும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“தம்பி சொல்லுதது சரிதான். கர்த்தர்தான் வச்சிருந்தாரு.”

இவரும் சேர்ந்து பொய் சொல்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து நடந்த அசனத்தில் இரண்டு பேரும் அதே அண்டாவுக்கு இருபுறமும் நின்று சோறு கிண்டினார்கள். நான் யாரோடும் பேசாமல் மூன்று முறை கறி வாங்கித் தின்றேன்.

தங்கள் வம்பை எல்லாம் கடவுள்மேல் போட்டுவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு இன்றும் முழுதாகப் போகவில்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதும், அது பெரியப்பாவுக்குக் கேட்டுவிட்டது என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.